கூடாரமில்லாப் பிரயாணம்

சென்ற ஆடித்தபசுக்கு என் தங்கை மகன் திருவேங்கடத்துக்கு வந்திருந்தான். ஜோஹானஸ்பர்க்கில் ஒரு கம்பெனியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஐந்து வருஷம் கழித்து ஊருக்கு வந்தவன், பெட்டியில் கொண்டுவந்த சாமான்களைவிட டெலிபோனில் கொண்டுவந்த படங்களையே அதிகப் பெருமையுடன் காட்டினான். அவனும் மூன்று நண்பர்களும் குடும்ப சகிதமாக இரண்டு மோட்டார் வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பத்து நாள் காடும் மலையும் சுற்றி வந்திருக்கிறார்கள். வண்டியின் கூரைமேலேயே கூடாரம். பொத்தானை இழுத்தால் குடை மாதிரி விரிகிறது. காலையில் மடக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் புறப்பட வேண்டியதுதான்.

"நடுக் காட்டிலே தங்கினோம் மாமா! ராத்திரி யானை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு" என்றான்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாயார் யானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"ஏய்யா, தண்ணிக்கு என்ன செஞ்சீங்க? அடுப்பு எங்க மூட்டுனீங்க? பச்சப் பிள்ளைகளை எங்க படுக்கப் போட்டீங்க?"

பையன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். வண்டியிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அடுப்பு, காஸ் அடுப்பு. குழந்தைகளுக்குக் கூடாரத்துக்குள்ளேயே மெத்தை. ஆச்சிக்கு முழுத் திருப்தி.

அந்தக் கேள்விகளை அவள் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சங்கரன்கோவில் தபசுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டியில் வைக்கோல், வைக்கோல்மேல் ஜமுக்காளம், கட்டுச்சோறு, தண்ணீர்ப் பானை, அழுகிற பிள்ளைகள். போன இடத்தில் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மூன்று கல் தேடி அடுப்புக் கூட்டுவார்கள். பெண்டு பிள்ளைகளுடன் வெட்டவெளியில் இரவைக் கழித்தவர்களுக்குத்தான் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தெரியும்.

படங்களில் கடைசியாக ஒன்று வந்தது. காய்ந்த புல்வெளிக்கு நடுவே ஒரு சாலை. ஓரத்தில் ஊர்ப் பெயர்ப் பலகை. "இது ஒண்ணுமில்லை மாமா, பெட்ரோல் போட நின்ன இடம்" என்று சொல்லித் தள்ளிவிடப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். பலகையில் 'ஃபோல்க்ஸ்ரஸ்ட்' என்று எழுதியிருந்தது.

"இந்தச் சாலையிலே உனக்கு முன்னாலே நம் ஜனங்கள் போயிருக்கிறார்கள், தெரியுமா? 2,221 பேர். நடந்து போனார்கள். கூடாரம் கிடையாது" என்றேன்.

அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. காந்தி தென்னாப்பிரிக்காவில் போராடினார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்து, பரீட்சை எழுதிவிட்டு மறந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். அன்று மாலை திண்ணையில் அவனுக்குச் சொன்னதை இங்கே வாசகர்களுக்கும் சொல்கிறேன். என் தாயாரின் மூன்று கேள்விகளே இதற்கும் போதும்.

*

முதலில் அவர்கள் ஏன் நடந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1860ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்வதற்காக ஏற்றிக்கொண்டு போன முதல் கூட்டம் அதில் இருந்தது. அதிலிருந்து 1911 வரையில் 1,52,184 பேர் இப்படிப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகளுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டம் எப்படியோ, வட ஆற்காடு, செங்கற்பட்டு ஏழைகளுக்கு நேட்டால் அப்படி.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் அங்கேயே சுதந்திரமாகக் குடியிருந்து விவசாயமும் வியாபாரமும் செய்வதை வெள்ளைக்காரர்கள் விரும்பவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தவன் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். அல்லது மறுபடியும் ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். பின்னால் இந்த வரியை 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்களுக்கும்கூட விதித்தார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். தொழிலாளிக்கு மாதம் கிடைத்த கூலி அதிகமாகப் போனால் 14 ஷில்லிங். புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் வருஷத்துக்கு 12 பவுன் வரி! கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு வருஷக் கூலி முழுவதையும் கொடுத்தாலும் கடன்தான் மிஞ்சும்.

1912இல் கோகலே அங்கே போனபோது, இந்த வரியை எடுத்துவிடுவதாக மந்திரிகள் வாக்களித்தார்கள் என்றே அவர் நம்பினார். மறு வருஷம் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதே 1913இல் மார்ச் மாதம் கேப்டவுன் நீதிமன்றத்தில் நீதிபதி ஸேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். அதன்படி பார்த்தால், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் எதுவும் செல்லாது. தாலி கட்டி வாழ்ந்த அத்தனை ஸ்திரீகளும் சட்டத்தின் கண்ணில் மனைவிமார் அல்ல என்றாயிற்று. வரி ஆண்பிள்ளைகளைக் கிளப்பியது. தீர்ப்பு பெண்களைக் கிளப்பிவிட்டது.

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் குழந்தை. தம்பி நாயுடுவின் துணையுடன் நேட்டாலின் வடகோடியில் இருந்த நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், 3 பவுன் வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளிகளிடம் எடுத்துச் சொன்னார்கள். கைக்குழந்தையுடன் நின்று பேசியவர்களின் பேச்சு மேடைப் பேச்சைவிடப் பலமாக வேலை செய்தது. அக்டோபர் மத்தியில் சுரங்க வேலை நின்றது. அதே மாதம் 21ஆம் தேதி அந்தப் பெண்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம்.

*

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

சுரங்கத் தொழிலாளிகள் இருந்தது முதலாளிகளின் வீடுகளில். வேலைநிறுத்தம் தொடங்கியதும் அந்த வீடுகளுக்குத் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்திவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளுடன் இருட்டில், தாகத்தோடு எத்தனை நாள் இருப்பது? காந்தி ஒரு வழி சொன்னார். உடுக்கத் துணி, போர்த்தக் கம்பளி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முதலாளி கொடுத்த எதுவும் நமக்கு வேண்டாம். க்ஷேத்திர யாத்திரைக்குப் புறப்படுகிறவர்கள் போல அவர்களும் வீட்டை விட்டு வந்தார்கள். நியூகாஸிலில் லாஸரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். பணக்காரர் அல்ல, ஒரு சிறு வீடும் கொஞ்சம் மனையும்தான் அவர் சொத்து. அந்த வீடு ஒரே நாளில் சத்திரமாகிவிட்டது.

ஆயிரக்கணக்கான பேரை எத்தனை நாள் ஒரு மனையில் வைத்துச் சோறு போட முடியும்? நேட்டால் இந்தியர் அனுமதியில்லாமல் டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் நுழைவது குற்றம். ஆகவே நடந்து போய் எல்லையைத் தாண்டுவது, கைதுசெய்தால் சிறை, செய்யாவிட்டால் ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் டால்ஸ்டாய் பண்ணை. அந்தப் பண்ணை, ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டட நிபுணர் 1910இல் சத்தியாக்கிரகக் குடும்பங்களுக்காக விட்டுக்கொடுத்த 1,100 ஏக்கர் நிலம்.

அக்டோபர் 28ஆம் தேதி முதல் கூட்டம் எல்லைக் கிராமமான சார்லஸ்டவுனுக்குப் புறப்பட்டது. 36 மைல். வழிச் சாப்பாடு, தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி. ஓர் அவுன்ஸ் சர்க்கரை. சோறு தின்று வளர்ந்த ஜனங்களுக்கு ரொட்டியும் சர்க்கரையும்! வழியில் யார் சொத்தையும் தொடக்கூடாது; போலீஸார் அடித்தால் பட்டுக்கொள்ள வேண்டும்; பிடித்தால் போய்விட வேண்டும்; தலைவர் பிடிபட்டாலும் நடை நிற்கக்கூடாது. இவைதாம் நிபந்தனைகள்.

அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா என்றதும் நாம் சிங்கத்தையும் அடர்ந்த காட்டையும் நினைக்கிறோம். அது அப்படிப்பட்ட இடமல்ல. ட்ராகன்ஸ்பர்க் மலையின் விளிம்பில் ஏறிப்போகும் மேட்டு நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் புல். நிழலுக்கு ஒதுங்க மரம் இராது. பகலில் வெயில், இரவில் குளிர், நினைத்தபோது இடி மழை. போயர்கள் அந்த வெளியை 'ஃபெல்ட்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வயல் என்று அர்த்தம். எங்கள் கரிசல் சீமையில் இதற்கு நேர்மாறு. பருத்தியும் கம்பும் விளைகிற மானாவாரி நிலத்தை நாங்கள் 'காடு' என்கிறோம். "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். அவர்கள் காட்டை வயல் என்றார்கள். நாங்கள் வயலைக் காடு என்கிறோம். இரண்டும் மரமற்ற வானாந்தரம்தான். இந்தச் சீமையிலிருந்து ஒருவன் அங்கே போயிருந்தால் ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

அதே மேட்டு நிலத்தில் எழுபது, எண்பது வருஷங்களுக்கு முன்னால் போயர்களும் பிரயாணம் செய்தவர்கள்தாம். பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல், 1830களில் கூண்டு கட்டிய மாட்டு வண்டிகளில் குடும்பத்தோடு புறப்பட்டு, இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவில் படுத்துத் தூங்கினார்கள். 1881இல் சார்லஸ்டவுனுக்கு அருகிலுள்ள மஜூபா குன்றில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தார்கள். 'ஃபோல்க்ஸ்ரஸ்ட்' என்றாலே 'ஜனங்களின் இளைப்பாறல்' என்று அர்த்தம். அநீதிக்கு அஞ்சிப் பெண்டு பிள்ளைகளுடன் வெட்டவெளியில் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே வெட்டவெளியில் படுத்த வேறு ஜனங்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சரித்திரத்தில் இது புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே வலிக்கிறது.

*

இரண்டாவது கேள்வி, அடுப்பு.

சார்லஸ்டவுனில் மொத்தம் ஆயிரம் பேர் வசித்திருந்தால் அதிகம். அங்கே ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். உள்ளூர் இந்திய வியாபாரிகள் பாத்திரங்களும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பள்ளிவாசல் நிலத்தில் அடுப்பு மூட்டினார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வீடுகளில் இடம். ஆண்களுக்கு வானமே கூரை. தலைமைச் சமையற்காரர் காந்தி. சமையலைப் பற்றி அவரே பிற்பாடு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சில நாள் பருப்பில் தண்ணீர் அதிகம்; சில நாள் சோறு வேகவில்லை. பரிமாறுவதும் அவரே. 'இது போதாதே' என்று முகம் வாடியவர்களுக்கு, பாத்திரத்தில் இருப்பதையும் வரிசையில் நிற்பவர்களையும் காட்டுவாராம். அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்களாம். குப்பையைப் பெருக்கித் துப்புரவு செய்வதிலும் அவரும் கூட்டாளிகளும் முதலில் இறங்கினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அத்தனை நெரிசலில் பெரிய நோய் எதுவும் பரவவில்லை.

எத்தனையோ யுத்தங்களைப் பற்றிப் படிக்கிறோம். படை எப்படிச் சாப்பிட்டது என்பதைச் சொல்லும் சரித்திர ஆசிரியர் எத்தனை பேர்? இந்தப் படைக்கு ஃபோல்க்ஸ்ரஸ்ட்டில் ஒரு வெள்ளைக்கார ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி கொடுக்க ஒப்புக்கொண்டார். போகிற இடத்துக்கெல்லாம் ரயிலில் அனுப்பினார்; சமயம் பார்த்து விலையை ஏற்றவில்லை; எடையைக் குறைக்கவும் இல்லை. ரயில்வே உத்தியோகஸ்தர்களும் வெள்ளைக்காரர்கள்தாம். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓர் ஊரில் ஜெனரலும் இருப்பான், ரொட்டிக்காரனும் இருப்பான்.

நவம்பர் 6ஆம் தேதி காலை ஆறரை மணிக்குப் பிரார்த்தனை செய்துவிட்டுப் புறப்பட்டார்கள். தலைகளை எண்ணியதில் ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. ஒரு மைல் நடந்தால் எல்லை. குதிரைப் போலீஸார் காத்திருந்தார்கள். வரிசையாக நின்ற ஜனங்கள் திடுமென்று வரிசை கலைந்து எல்லையைத் தாண்டிவிட்டார்கள். போலீஸாரால் எத்தனை பேரைப் பிடிக்க முடியும்? ஃபோல்க்ஸ்ரஸ்ட்டைத் தாண்டி எட்டு மைலில் பாம்ஃபோர்டு. மாலை ஐந்து மணிக்கு அங்கே சேர்ந்து, ரொட்டியும் சர்க்கரையும் தின்றுவிட்டுப் புல்லின்மேல் படுத்தார்கள். சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள், சிலர் பஜனை பாடினார்கள். அந்த இரவிலேயே காந்தியைக் கைதுசெய்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த பி. கே. நாயுடுவை எழுப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் போனார். விடிந்ததும் ஜனங்கள் நடந்தார்கள்.

ஜாமீனில் வந்து சேர்ந்துகொண்டவரை 8ஆம் தேதி ஸ்டாண்டர்டனில் மறுபடி பிடித்தார்கள், விட்டார்கள். 9ஆம் தேதி மூன்றாந்தடவை பிடித்தார்கள், அப்புறம் விடவில்லை. போலக் கூட்டத்தை நடத்திச் சென்றார். 10ஆம் தேதி பால்பூரில் மூன்று விசேஷ ரயில்கள் நின்றுகொண்டிருந்தன. அத்தனை பேரையும் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுரங்க வளைவுகளையே சிறையென்று அறிவித்து, அங்கிருந்த வெள்ளைக்காரக் கங்காணிகளையே சிறை வார்டர்களாக்கி, சவுக்கடி கொடுத்து வேலை வாங்கினார்கள்.

இந்தச் செய்தி பரவியதும் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளிகள் மாண்டார்கள். வைஸ்ராய் ஹார்டிஞ்சே சென்னையில் அவர்களுக்கு அனுதாபம் தெரிவித்துப் பேசினார். 1914இல் புதுச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் கல்யாணங்களும் கல்யாணங்கள் ஆயின.

*

மூன்றாவது கேள்வியை நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். குழந்தைகளை எங்கே படுக்கப் போட்டார்கள்?

பாம்ஃபோர்டில், தூக்கி நடக்க முடியாமல் சோர்ந்துபோன தாய்மாரை ஓர் இந்தியக் கடைக்காரர் வீட்டில் விட்டார்கள். அது டிரான்ஸ்வாலுக்குள். ஆனால் அதற்கும் முன்னால், நியூகாஸிலிலிருந்து சார்லஸ்டவுனுக்கு நடந்த அந்த 36 மைலில், இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஒன்று குளிர் தாங்காமல் இறந்தது. இன்னொன்று, தாய் ஓர் ஓடையைக் கடக்கும்போது கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போயிற்று. கரிசல்காட்டு ஓடையை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குவோம், நடுவில் இழுக்கும். தாய்மார் இருவரும் திரும்பிப் போகவில்லை. செத்தவர்கள் வரப்போவதில்லை, இருக்கிறவர்களுக்காகத்தான் பாடுபட வேண்டும் என்று ஒருத்தி சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். எல்லையில் எண்ணிய 57இல் அந்த இரண்டும் சேரவில்லை.

இதே போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மைக்குத் தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. 1909 குளிர்காலத்தில் சாலை போடும் சிறைமுகாமில் கூடாரத்தில் படுக்கவைத்ததால் நிமோனியா கண்டு இறந்த நாகப்பனுக்கு ஜோஹானஸ்பர்க்கில் கல்லறைக் கல் இருக்கிறது. இந்தத் தாய்மாரின் பெயரையோ காந்தியும் எழுதவில்லை. நியூகாஸிலுக்குப் போன 11 பெண்களிலேயே ஒன்பது பேரைச் சரித்திரம் கணவன்மார் பெயரால்தான் குறித்துவைத்திருக்கிறது. கல்யாணமாகாத இருவருக்குத்தான் சொந்தப் பெயர் மிஞ்சியது.

சில வருஷங்களுக்கு முன்பு ஓடையில் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயைப் பற்றி ஒரு சிறுகதை எழுத முயன்றேன். பெயர் வைத்தேன், ஊர் வைத்தேன், புருஷனும் வைத்தேன். பத்திரிகை ஆசிரியரான நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "அவள் அழாமல் நடப்பதை வாசகர் நம்பமாட்டார்களே!" என்றார். ஒரு பக்கம் அழவைத்துப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது அவளுடைய கதையாக இல்லை. கிழித்துப் போட்டேன்.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது திண்ணையில் இருட்டிவிட்டது. தங்கை மகன் தன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"அந்தப் பொண்ணு பேரு என்னய்யா?" என்று அம்மா கேட்டாள்.

"பேரு இல்லம்மா."

"பேரில்லாம ஒருத்தி இருப்பாளா? எழுதலைன்னு சொல்லு."

அவள் சொன்னதுதான் சரி. நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். அவள் கப்பலில் போனவளாக இருந்தால் அவள் பெயரும் அங்கேதான் ஒரு வரியில் இருக்கிறது. அங்கேயே பிறந்தவளாக இருந்தால் அவள் தாயின் பெயர் இருக்கும். இந்த வரிதான் அது என்று விரல் வைத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

தங்கை மகன் மறு வாரம் புறப்பட்டான். அடுத்த தடவை ஃபோல்க்ஸ்ரஸ்ட்டில் பெட்ரோலுக்காக மட்டும் நிற்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.